கம்பி விட்ட மாடி: பல்கலைக்கழகத் திட்டத்தை நாம ஏன் படிக்கணும்?

(பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நூலகம் ஒன்றில் நடந்த உயர்கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கிற அப்பா அம்மாக்களுக்கும், அவங்க கையைப் பிடிச்சு இழுத்து வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கும் நன்றி.

ரிசல்ட் வந்த நாளிலிருந்து நம்ம வீடுகளில் என்ன பேச்சு நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். எந்தக் கோர்ஸ், எந்தக் காலேஜ், கட்டணம் எவ்வளவு, ஹாஸ்டல் எப்படி, காலையில முதல் பஸ் எத்தனை மணிக்கு. எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனா ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்கிறதில்லை. நம்ம பிள்ளைக்குப் பட்டம் கொடுக்கப்போற பல்கலைக்கழகம் அடுத்த அஞ்சு, பத்து வருஷத்துக்கு என்ன செய்யப்போகுது?

'அது துணைவேந்தர் பார்க்க வேண்டிய விஷயம், நமக்கு எதுக்கு?' என்று தோணலாம். இன்னைக்குச் சேர்கிற பிள்ளை மூணு வருஷம் கழிச்சுத்தான் பட்டத்தோட வெளியே வரும். அந்த மூணு வருஷத்துல துறையில ஆசிரியர் இருப்பாரா, ஆய்வகம் ஓடுமா, தேர்வு முடிவு நேரத்துக்கு வருமா, சான்றிதழ் கைக்குக் கிடைக்குமா என்பதெல்லாம் அந்தத் திட்டத்தைப் பொறுத்தது. குடும்ப அட்டை, பட்டா மாறுதல் எல்லாம் எப்படி நமக்கான சேவையோ, அப்படித்தான் அரசுப் பல்கலைக்கழகமும். அதோட திட்டம் நம்ம பணத்துல நடக்கிற சேவைக்கான திட்டம்.

திட்டம் என்றால் என்ன?

நம்ம ஊர்ல வீடு கட்டுறவங்க மொட்டை மாடியில தூண் கம்பியை அப்படியே நீட்டி விட்டு வைப்பாங்க. பார்த்திருப்பீங்க. 'பையன் கல்யாணத்துக்குள்ள மேல ஒரு போர்ஷன் எடுத்துடலாம்' என்ற எண்ணம் அது. அதற்கேத்த அஸ்திவாரம் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா பணம் சேர்த்தவங்க மேல மாடி எடுத்துடுவாங்க. எண்ணம் மட்டும் இருந்த வீட்டுல கம்பி துருப்பிடிச்சு நிக்கும், துணி காயப்போட உதவும்.

பல்கலைக்கழகத்தின் வியூகத் திட்டமும் இப்படித்தான். இப்போ நாம எங்க நிக்கிறோம், எங்க போகணும், அதற்கு எத்தனை ஆள், எவ்வளவு பணம், எத்தனை வருஷம் என்று எழுதி வைக்கிற ஆவணம் அது. 'ஸ்ட்ராட்டஜிக் பிளான்' என்றும், 'பெர்ஸ்பெக்டிவ் பிளான்' என்றும் இணையதளங்களில் பார்க்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2024-ல வெளியிட்ட வழிகாட்டுதலுக்குப் பிறகு 'நிறுவன வளர்ச்சித் திட்டம்', சுருக்கமா ஐடிபி, என்ற பெயர்தான் அதிகம் புழங்குது. பெயர் எதுவா இருந்தாலும் நாம பார்க்க வேண்டியது ஒண்ணுதான். கம்பி மட்டும் நிக்குதா, இல்ல மேல மாடி எழும்புதா?

நம்ம மாநிலத்துப் பாடம்

திட்டமிடல்னா ஏதோ புதுசா வந்த வார்த்தைன்னு நினைக்க வேண்டாம். 1857-ல சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கினபோது தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கும் அது ஒண்ணுதான். கல்லூரிகள் கூடக் கூட, ஒரே இடத்திலிருந்து தேர்வு நடத்தி, விடைத்தாள் திருத்தி, பட்டம் கொடுக்கிறது கஷ்டமாச்சு. 1966-ல மதுரை, 1982-ல கோயம்புத்தூரில் பாரதியார், திருச்சியில் பாரதிதாசன், 1990-ல திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார், 1997-ல சேலத்தில் பெரியார், 2002-ல வேலூரில் திருவள்ளுவர் என்று வரிசையா பல்கலைக்கழகங்கள் வந்தன. ஒரு சான்றிதழுக்காக ராத்திரி பஸ் ஏறிச் சென்னை வர வேண்டியிருந்த குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு பெரியவங்களுக்குத் தெரியும்.

எல்லா முடிவும் நிலைச்சு நின்னதில்லை. பொறியியல் கல்லூரிகளுக்காக 2007-ல தொடங்கி அண்ணா பல்கலைக்கழகம் கோயம்புத்தூர், திருச்சி, திருநெல்வேலி, பிறகு மதுரை என்று பிரிக்கப்பட்டது. 2012-ல மறுபடியும் எல்லாம் ஒரே பல்கலைக்கழகமா சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட வருஷங்களில் படிச்ச அண்ணன்கள், அக்காக்களைக் கேட்டுப் பாருங்க. மார்க்ஷீட்டில் ஒரு பெயர், பட்டத்தில் வேறு பெயர்னு வேலைக்குப் போகிற இடத்தில் விளக்கம் சொல்லிட்டிருப்பாங்க. மேல எடுக்கிற ஒரு முடிவு கீழே ஒரு மாணவரோட ஃபைலுக்குள்ள வந்து உட்கார்றது இப்படித்தான்.

இன்னொரு உதாரணம் சிதம்பரம். 1929-ல தொடங்கின அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ரொம்பப் பெரிய நிறுவனமா வளர்ந்தது. தொலைதூரக் கல்வியில அதோட பெயர் நாடு முழுக்கத் தெரியும். ஆனா வரவைவிடச் செலவு கூடி, தேவைக்கு மேல ஆட்கள் நியமிக்கப்பட்டு, சம்பளம் கொடுக்கவே திணறுகிற நிலைக்கு வந்தது. 2013-ல தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் இயற்றி நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது. கூடுதலா இருந்த ஆசிரியர்களும் ஊழியர்களும் அரசுக் கல்லூரிகளுக்கும் மற்ற அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டாங்க.

அங்கே இருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் கதையையும் கவனிங்க. நிர்வாகம் அரசுகிட்ட வந்த பிறகும், மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளைவிடக் கட்டணம் பல மடங்கு அதிகமா இருந்தது. மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினாங்க. 2021-ல கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் வந்தது, கட்டணமும் அரசுக் கல்லூரி அளவுக்கு இறங்கியது. ஒரு நிறுவனம் எந்தத் துறையின் கீழ் இருக்கணும், யார் பணம் கொடுக்கணும் என்பது திட்டமிடல் கேள்விதான். அதற்கு விடை கிடைக்கத் தாமதமானபோது, அந்தத் தாமதத்தோட விலையைக் கட்டினது மாணவர்களோட குடும்பங்கள்.

சேர்க்கை கூடிடுச்சு, அடுத்து என்ன?

அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22 அறிக்கைப்படி, உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம். நாடு முழுக்கச் சராசரி 28.4 சதவீதம். புதுமைப்பெண் திட்டம் 2022-லயும், தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-லயும் வந்தன. அரசுப் பள்ளியில் படிச்சுட்டு உயர்கல்விக்கு வர்றவங்களுக்கு மாசம் 1,000 ரூபாய் கிடைக்குது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறையப் பேர் உள்ளே வர்றாங்க.

உள்ளே வந்த பிறகு அவங்களுக்கு வகுப்பறையும், ஆசிரியரும், ஹாஸ்டலும் இருக்கணும் இல்லையா? பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரைக்கும் உதவித்தொகை கொண்டுவரும். வாசலுக்கு உள்ளே நடக்கிறது பல்கலைக்கழகத் திட்டத்தின் வேலை.

அங்கேதான் பணக் கணக்கு வருது. அரசு மானியம் ஒரு வரவு. இணைப்புக் கல்லூரிகளிலிருந்து வரும் தேர்வுக் கட்டணமும் இணைப்புக் கட்டணமும் இன்னொரு வரவு. தொலைதூரக் கல்வி மற்றொண்ணு. ஒரு பெரிய கல்லூரி தன்னாட்சி பெற்று, தேர்வைத் தானே நடத்த ஆரம்பிச்சா, பல்கலைக்கழகத்துக்குத் தேர்வு வரவு குறையும். தொலைதூரக் கல்விக்கு எல்லை விதி இறுகினா அந்த வரவும் குறையும். ஆனா சம்பளமும் ஓய்வூதியமும் வருஷா வருஷம் கூடும். இந்தக் கணக்கைப் போடாம எழுதின திட்டம் எவ்வளவு அழகான அட்டையோட வந்தாலும் துருப்பிடிச்ச கம்பிதான்.

திட்டத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன்.

திட்டம் அஞ்சு வருஷத்துக்கோ பத்து வருஷத்துக்கோ போடுறாங்க. நம்ம மாநிலப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தரின் பதவிக்காலம் பொதுவா மூணு வருஷம். அந்த இடம் காலியா இருந்தா ஒருங்கிணைப்புக் குழு பார்த்துக்கும். இளங்கலை மாணவர் மூணு வருஷத்துல போயிடுவார். பதிவாளரும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் மாறுவாங்க. அப்போ பத்து வருஷத் திட்டத்தை எழுதினவர், அது முடியுற நாளில் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார். புதுசா வர்றவர் புதுசா ஒரு திட்டம் எழுதலாம், பழசு அலமாரிக்குப் போகலாம்.

முழு பத்து வருஷமும் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சுத்தியே இருக்கிறவங்க யார்? அந்த மாவட்டத்து மக்கள். மூத்த பிள்ளை அங்கே படிச்சிருக்கும், இளையது இப்போ சேரும், பக்கத்து வீட்டுப் பாப்பா அஞ்சு வருஷம் கழிச்சுச் சேரும். அதனால 'இப்படிச் சொன்னீங்களே, என்ன ஆச்சு?' என்று கேட்கிற ஞாபகம் நம்மகிட்டதான் இருக்க முடியும். அந்தக் கேள்வி வரும்னு தெரிஞ்சா, திட்டம் எழுதுறவங்களும் கணக்குப் பார்த்து எழுதுவாங்க.

மொபைலில் எப்படிப் பார்ப்பது?

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். மொபைல் போதும்.

முதலில், நீங்க சேரப்போற கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்துல இணைஞ்சிருக்குன்னு பாருங்க. அந்தப் பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்துக்குப் போங்க. உயர்கல்வி நிறுவனங்கள் தாமாகவே வெளியிட வேண்டிய தகவல்களை யுஜிசி பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கு. நிறுவன வளர்ச்சித் திட்டம், ஆண்டறிக்கை, ஆண்டுக் கணக்கு எல்லாம் அதில் உண்டு.

அது கிடைக்கலைன்னா, உள்தர உறுதி மையம், அதாவது ஐக்யூஏசி என்ற பகுதியைத் திறங்க. நாக் மதிப்பீட்டுக்காகக் கொடுத்த சுய ஆய்வு அறிக்கை அங்கே இருக்கும். அந்த அறிக்கையில் ஏழு பிரிவுகள். ஆறாவது பிரிவு நிர்வாகம் பற்றியது. வியூகத் திட்டம் என்ன, அது எப்படி நடைமுறைக்கு வந்தது என்று அதில்தான் எழுதியிருப்பாங்க.

மூணாவதா, என்ஐஆர்எஃப் தரவரிசைக்காகப் பல்கலைக்கழகம் சமர்ப்பித்த தரவு. 'எத்தனையாவது இடம்' என்பதோட நாம நிறுத்திடுறோம். அந்தத் தரவுக்குள்ள அனுமதிக்கப்பட்ட இடங்கள், மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் விவரம், நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் ஆன செலவு, படிச்சு முடிச்சு வேலைக்குப் போனவங்க எண்ணிக்கை எல்லாம் இருக்கு.

நாலாவது, உயர்கல்வித் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு. மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படுவது. தமிழிலேயே இருக்கும், தமிழ்நாடு அரசு இணையதளத்தில் இலவசமா இறக்கிக்கலாம்.

நாலே நாலு கேள்வி

இருநூறு பக்க ஆவணத்தை முழுசா படிக்க யாருக்கும் நேரம் இல்லை. நாலு கேள்விக்கு மட்டும் விடை தேடுங்க.

ஒண்ணு, ஆள் எத்தனை? நம்ம துறைக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் எத்தனை, நிரம்பினது எத்தனை, கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை, காலி இடத்தை எப்போ நிரப்பப்போறாங்க.

ரெண்டு, பணம் எங்கிருந்து? 'புதிய ஆய்வகம் அமைக்கப்படும்' என்றால் அரசு மானியமா, ஆராய்ச்சித் திட்ட நிதியா, மாணவர் கட்டணமா? கட்டணம்னா அது நம்ம தலையில்தான் வரும்.

மூணு, எப்போ? 'உலகத்தரத்துக்கு உயர்த்தப்படும்' என்று ஒரு வரி இருந்தா அதை யாராலும் சரிபார்க்க முடியாது. 'அடுத்த ஜூன் மாதத்துக்குள் வேதியியல் துறையின் நாலு காலி இடங்கள் நிரப்பப்படும்' என்று இருந்தா ஜூலையில் போய்க் கேட்கலாம். தேதி இருக்கிற வரியைத் தேடுங்க.

நாலு, யார் பொறுப்பு? பதிவாளரா, துறைத்தலைவரா, ஏதாவது குழுவா? வருஷா வருஷம் முன்னேற்றத்தை எந்தக் கூட்டத்தில் வைக்கிறாங்க? பொறுப்பாளர் பதவி எழுதப்படாத வேலை பெரும்பாலும் நடக்காது. நம்ம வீட்டுலயும் அப்படித்தானே?

இதுல முதல் கேள்வியோட அருமை எனக்கு நேராவே தெரியும். நான் இதழியல் படிச்ச இடத்தோட பெயர் இங்கே வேண்டாம். துறைக்கு வீடியோ கேமராவும் எடிட்டிங் கருவியும் வாங்கணும்னு திட்டத்தில் இருந்தது, சொன்னபடி வாங்கவும் செஞ்சாங்க. அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் நியமிக்கணும்னு திட்டத்தில் எங்கேயும் இல்லை. நாங்க படிச்ச காலம் பூரா கேமரா பீரோவுக்குள்ள இருந்தது, நாங்க மொபைலில் எடிட் பண்ணினோம். கருவி ஒரு பக்கத்துல, ஆள் வேறொரு பக்கத்துல, ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிச்சவர் யாரும் இல்லை. பணம் செலவானதும் உண்மை, எங்களுக்குப் பாடம் கிடைக்காததும் உண்மை.

கேட்கிற வழிகள்

இணையதளத்தில் தகவல் இல்லைன்னா முதலில் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்க. பதில் வரலைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. 2005-ஆம் ஆண்டுச் சட்டம். அரசுப் பல்கலைக்கழகம் அதன் கீழ் வரும். கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவங்களுக்கு அதுவும் இல்லை. தமிழிலேயே எழுதலாம். 30 நாளுக்குள் பதில் வரணும். வரலைன்னாலோ, திருப்தி இல்லைன்னாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு. அதற்கும் மேல மாநிலத் தகவல் ஆணையம்.

ஒரு சின்ன நுணுக்கம். 'ஏன் இன்னும் ஆசிரியர் போடலை?' என்று மனுவில் எழுதினா, 'இது தகவல் அல்ல' என்று பதில் வரலாம். பதிவேட்டில் இருக்கிற ஆவணத்தைக் கேளுங்க. உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்: 'தங்கள் பல்கலைக்கழகத்தின் நடப்பு நிறுவன வளர்ச்சித் திட்டத்தின் நகல், கடந்த ஆண்டு அதன் முன்னேற்றம் குறித்து ஆட்சிக்குழுவில் வைக்கப்பட்ட அறிக்கையின் நகல், துறைவாரியாக அனுமதிக்கப்பட்ட மற்றும் நிரப்பப்பட்ட ஆசிரியர் பணியிடங்களின் பட்டியல் ஆகியவற்றை வழங்கக் கோருகிறேன்.' மூணே விஷயம். தெளிவாக் கேட்டா தெளிவா வரும்.

இங்கே உட்கார்ந்திருக்கிற பட்டதாரிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற பல்கலைக்கழகங்களின் சட்டத்தில், 'பதிவு பெற்ற பட்டதாரிகள்' என்ற ஒரு தொகுதி இருக்கு. பட்டம் வாங்கினவங்க விதிப்படி தங்கள் பெயரைப் பதிவு பண்ணிக்கிட்டா, செனட் எனும் பேரவைக்கான தேர்தலில் ஓட்டுப் போடலாம். நீங்க பட்டம் வாங்கின பல்கலைக்கழகத்தில் இந்த வசதி எப்படி இருக்குன்னு விசாரிச்சுப் பாருங்க. நம்ம சட்டமன்ற உறுப்பினர்களிலும் சிலர் பேரவைகளில் உறுப்பினரா இருப்பாங்க. தொகுதிக்கு ரோடு கேட்கிற மாதிரியே, 'மாவட்டத்துப் பல்கலைக்கழகத்தின் திட்டம் எந்த நிலையில் இருக்கு?' என்று அவங்ககிட்டயும் கேட்கலாம்.

ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லிடுறேன். கேள்வி கேட்கிறது சண்டை போடுறதுக்காக இல்லை. பல்கலைக்கழகத்துக்குள்ள நல்லது பண்ணணும்னு துடிக்கிற ஆசிரியர்களும் அலுவலர்களும் நிறைய இருக்காங்க. 'பொதுமக்கள் கேட்கிறாங்க' என்று ஒரு கடிதம் மேசையில் இருந்தா, நிதி கேட்டு அவங்க எழுதுற கோப்புக்கும் அது பலம்தான்.

மாணவர்களே, நீங்க சேர்ந்த பிறகு கருத்துப் படிவம் கொடுப்பாங்க. 'நன்று, மிக நன்று' என்று கண்ணை மூடிக்கிட்டு டிக் அடிக்காதீங்க. நாக் அறிக்கைக்கு அந்தப் படிவமும் போகும். ஆய்வகத்தில் நுண்ணோக்கி எத்தனை பேருக்கு ஒண்ணு என்று எழுதுங்க. நூலகம் எத்தனை மணிக்கு மூடுறாங்கன்னு எழுதுங்க. அடுத்த திட்டத்துக்கான மூலப்பொருளே அதுதான்.

பெற்றோர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சேர்க்கைக் கட்டணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் பிள்ளையோட உட்கார்ந்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் திட்டத்தை மொபைலில் இறக்கி, நாலு கேள்விக்கும் விடை தேடுங்க. தேதியோட எழுதியிருக்கிற ரெண்டு வரியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. அந்தத் தேதி வர்ற அன்னைக்கு, அதை எடுத்து ஒரு மின்னஞ்சல் போடுங்க.

அவ்வளவுதான் நான் கேட்கிறது. இப்போ உங்க கேள்விகளுக்கு வரலாம்.